ஏலகிரி ஏறும்போது வேர்க்கிறது, இறங்கும்போது நடுங்குகிறது

கேள்வி: வயது 47. வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி சைக்கிளில் ஏலகிரி ஏறி இறங்குவேன். மார்கழி பிறந்ததிலிருந்து பருத்தி பனியன், சட்டை, கம்பளி ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் போட்டும் இறங்கும்போது பல் தந்தியடிக்கிறது. வீடு வந்ததும் இருமல். சில நாள் மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் சத்தம். இன்னொரு ஸ்வெட்டர் போடலாமா? சைக்கிளையே விட்டுவிடச் சொல்கிறார் மனைவி.

பதில்: சைக்கிளை விட வேண்டாம். இன்னொரு ஸ்வெட்டரும் வேண்டாம். உங்களை நடுங்க வைப்பது உள்ளே நனைந்து கிடக்கும் பனியன்.

பெடல் மிதிக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் சூடு. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் பனியனைப் பிழிந்தால் சொட்டும். பருத்தி வேர்வையைக் குடிக்கும், லேசில் விடாது. இறக்கத்தில் கால்களுக்கு வேலையில்லை, அதனால் சூடும் இல்லை. முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வேறு. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். இன்னொரு ஸ்வெட்டர் போட்டால் இன்னும் வேர்க்கும், இன்னும் நடுங்குவீர்கள்.

சரி, என்ன போடுவது? உடம்போடு ஒட்டி, கால்பந்து ஜெர்ஸி மாதிரி மெல்லிய பாலியஸ்டர் பனியன். அது வேர்வையை வெளியே தள்ளி, தானும் சீக்கிரம் காயும். அதன் மேல் மெல்லிய கம்பளி ஒன்று. முன்னால் ஜிப் இருந்தால் நல்லது, ஏறும்போது இறக்கிவிடலாம். மூன்றாவது, காற்றைத் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர். ஏற்றத்தில் அது பையில் இருக்கட்டும், இறக்கத்துக்குத்தான் அது. ரெயின்கோட் உதவாது, வேர்வை உள்ளேயே தங்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம்.

மாற்று பனியன் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். மேலே போனதும் முதலில் அதை மாற்றுங்கள், டீ அப்புறம்.

பால் கேன் கட்டி சைக்கிளில் வரும் பெரியவர் ஒருவர் என்னிடம் வைத்தியத்துக்கு வருவார். ஒரு தை மாதம் ஸ்டெதஸ்கோப்பை வைக்கப் போனேன், சட்டைக்குள் சரசரவென்று சத்தம். முந்தின நாள் பேப்பரை மடித்து நெஞ்சில் வைத்திருந்தார். "காத்து ஏறாது சார்" என்றார். மலைப் பாதையில் சைக்கிள் பந்தயம் ஓட்டுபவர்களும் இறக்கத்துக்கு முன் செய்த காரியம்தான் அது. விண்ட்சீட்டர் வாங்கும்வரை நீங்களும் செய்யலாம்.

ஹெல்மெட்டுக்குள் தடித்த மங்கி குல்லா வேண்டாம், ஹெல்மெட் பொருந்தாது. காதை மூட மெல்லிய துணி போதும். கைக்கு உறை கட்டாயம்: விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது. ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கை இன்னும் சில்லிடும்.

எனக்குக் கவலை அந்த விசில் சத்தம்தான். அது சளி இல்லாமலும் வரும். குளிர்ந்த, வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கும். ஆஸ்துமாவின் ஒரு முகம் இது. மூக்கு, வாய் மேல் மெல்லிய துணி கட்டி, முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதித்தால் ஓரளவு குறையும். ஆனால் துணி வைத்தியமாகாது. நெஞ்சக மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ளுங்கள். அவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பழகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பழக்கமாகாது. மிதிக்கும்போது நெஞ்சை அழுத்தி, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் அங்கேயே இறங்கி உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனை முடியும்வரை மலைக்குப் போகாதீர்கள். வெயில் வந்தபிறகு, ஏழு மணிக்கு மேல், சமதரையில் ஓட்டுங்கள். இதை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள்.