1,92,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

கேள்வி: என் கார் வாங்கி 13 வருடம் ஆகிறது, 1,92,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வேலைக்குப் போய்வர தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கிளட்ச் வழுக்குகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கிளட்ச் செட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காரை இன்று விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வருகிறது. போன வருடம்தான் ஏசி கம்ப்ரஸர் மாற்றினேன். "இதற்கு மேல் இதில் பணத்தைக் கொட்ட வேண்டாம், புதிது வாங்கிவிடலாம்" என்கிறார் மனைவி. பார்த்து வைத்திருக்கும் புதுக் காருக்கு 20 சதவீதம் முன்பணம், மீதி 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடன். இந்த ரிப்பேர் செலவு அதன் ஐந்து மாதத் தவணைக்குச் சமம். முன்பணம் கட்டினால் அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பு கிட்டத்தட்ட காலியாகிவிடும். என்ன செய்யலாம்?

பதில்: ரிப்பேர் செய்யுங்கள். ஆனால் வேலையைத் தொடங்கச் சொல்வதற்கு முன் காரின் அடிப்பாகத்தையும் இன்ஜினையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கு வருகிறேன்.

"விற்கும் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் வந்தால் காரைத் தள்ளிவிடு" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் காரை வாங்க வருபவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. எப்போது ஆயில் மாற்றினார்கள், எங்கே இடித்தார்கள் என்ற சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைக்கிறார். உங்களுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. அதோடு நீங்கள் காரை விற்கவும் போவதில்லை. இந்த எஸ்டிமேட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நீங்கள் வாங்குவது இன்னும் இத்தனை மாத ஓட்டம். அந்த ஓட்டம் புதுக் காரில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்த்தால் போதும்.

புதுக் காரின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20, கடன் 80. நீங்கள் சொல்லும் வட்டிக்கு மாதத் தவணை சுமார் 1.66 வரும். அப்படியென்றால் ரிப்பேர் செலவு 8.3.

தவணை முழுவதும் செலவு இல்லையே, அதில் ஒரு பகுதி காராக நம்மிடம்தானே நிற்கிறது என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால் தவணையை விட்டுவிட்டு, உண்மையில் கரைந்துபோவதை மட்டும் கணக்கிடுவோம். முதல் வருடத்தில் கட்டும் வட்டி 6.6-க்குச் சற்று மேல். புதுக் கார் முதல் வருடத்தில் மதிப்பில் இழப்பதைக் குறைத்தே போட்டு 15 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 21.6, மாதத்துக்கு 1.8. அதாவது, முதல் வருடத்தில் கரையும் பணம் தவணையைவிடவும் அதிகம்! கூடுதல் இன்சூரன்ஸ் பிரீமியத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. உங்கள் பழைய காரோ விலை இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்துவிட்டது.

8.3-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஐந்து மாதத்துக்கும் குறைவு. பழைய கார் கேட்கும் சில்லறைச் செலவுகளான டயர், பேட்டரி, ஹோஸ் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்து எட்டு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் ஓடிவிட்டால் போட்ட பணம் திரும்பியாயிற்று.

எட்டு மாதம் ஓடுமா? உங்கள் எஸ்டிமேட்டைப் பார்த்தால் ஓடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதில் இருப்பதெல்லாம் தேய்ந்து தீரும் பாகங்கள். கிளட்ச் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. இன்ஜினுக்குள் பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை இத்தனை கிலோமீட்டரில் அல்லது இத்தனை வருடத்தில் மாற்று என்று கம்பெனியே கையேட்டில் எழுதியிருக்கும். இதெல்லாம் வந்தால் கார் சாகப்போகிறது என்று அர்த்தமில்லை, 1,92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியை அடிப்பகுதியோடு கசிவில்லாமல் சேர்க்கும் தகடு) போய்விட்டது, கியர்பாக்ஸ் உள்ளே உடைந்திருக்கிறது, சேஸிஸ் துருப்பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறு.

பெல்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பல இன்ஜின்களில் அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அதன்பின் வருவது இன்ஜினைப் பிரிக்கும் செலவு. வாட்டர் பம்ப்பை ஏன் சேர்த்தார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம். பல கார்களில் பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்ப்புக்குக் கை போகும், ஒரே லேபரில் இரண்டு வேலையும் முடிகிறது. கிளட்ச்சும் அப்படித்தான். கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய கூலி. இறக்கியபின் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் பாகம்) விட்டுவைத்தால், அது கத்தும்போது அதே கூலியை இரண்டாம் தடவை கொடுக்க வேண்டியிருக்கும். பேரிங்கும் செட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனைகள். காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே நின்று பாருங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் நீளமான பட்டி, சஸ்பென்ஷன் வந்து பொருந்தும் இடங்கள் இவற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தச் சொல்லுங்கள். மேலே செதில் உதிர்ந்து அடியில் கெட்டியான தகடு தட்டுப்பட்டால் பயமில்லை. முனை உள்ளே இறங்கினால் ரிப்பேரை நிறுத்திவிடுங்கள், அந்த உடம்புக்குப் புது கிளட்ச் போடுவது வீண். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். வெளிறிய பசை போலப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரத்தால் மூடியில் மட்டும் கொஞ்சம் படிவதுண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால்தான் கவலை. கடைசியாக ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் வெகுவாகக் கீழே நின்றால் அது ஏன் என்று தெரியும்வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள். இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு எஸ்டிமேட்டில் ஒரு சிறு துண்டு.

ஏசி கம்ப்ரஸரை இந்த முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் பணம் போய்விட்டது. அதைக் காப்பாற்றுவதற்காகக் காரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அந்தக் கோபத்தில் விற்கவும் வேண்டாம்.

உண்மையில் என்னைத் தீர்மானிக்க வைத்தது உங்கள் கடைசி வரிக்கு முந்திய வரி. அவசரச் சேமிப்பைக் காலி செய்துவிட்டு 60 மாதக் கடனுக்குள் போகக்கூடாது. மூன்றாவது மாதம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், தவணைக்கும் மருத்துவச் செலவுக்கும் கையில் எதுவும் இருக்காது. கையில் சேமிப்பு தாராளமாக இருந்து, இரவில் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுகிறீர்கள், காரில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை என்றால், கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் மனைவி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லை இல்லாமல் செலவு செய்துகொண்டே போகக்கூடாது. அதனால் இருவரும் உட்கார்ந்து இன்றே ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ரிப்பேருக்குப் பின் வரும் 12 மாதத்தில், சாதாரண சர்வீஸ் தவிர, இன்னும் நான்கு மாதத் தவணை அளவுக்குச் செலவு வந்தால் காரை விற்றுவிடுவது என்று. கார் நடுரோட்டில் நிற்கும்போது எடுக்கும் முடிவைவிட இது நிதானமாக இருக்கும். ரிப்பேர் முடிந்த அடுத்த மாதத்திலிருந்து, அந்த 1.66-ஐத் தவணை கட்டுவதுபோலவே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். 18 மாதம் போனால் கிட்டத்தட்ட 30 சேர்ந்திருக்கும். அப்போது கடன் 80 அல்ல, 70 போதும், அவசரச் சேமிப்பைத் தொடவும் வேண்டியதில்லை. அந்தத் தவணை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதும், கடன் வாங்காமலேயே, இந்த 18 மாதத்தில் தெரிந்துவிடும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, பெல்ட்டும் கிளட்ச்சும் எந்தக் கிலோமீட்டரில் மாற்றப்பட்டன என்பதைப் பில்லில் எழுதி வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிடுங்கள். விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.