குறைந்த விலையில் ஆஃப்ரோடு வண்டிக்கு வின்ச் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வின்ச் என்பது சிக்கிக்கொண்ட வண்டியை, மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுத்து மீட்கும் கருவி. முதலில் பார்க்க வேண்டியது இழுதிறன். ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் ஏற்றிய மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 2,500 கிலோ வண்டிக்கு 3,750 கிலோ வருகிறது. 9,500 பவுண்டு (சுமார் 4,300 கிலோ) வின்ச் தாராளம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண், கயிறு சுற்றும் உருளையான டிரம்மில், கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டும்தான். நான்காம் அடுக்கில் இழுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு திறன்கூடப் போய்விடும். அதனால் இன்னும் பெரிய வின்ச்சுக்குச் செலவழிப்பதைவிட நல்ல கப்பி ஒன்று வாங்குவது மேல். மரத்தில் பட்டையால் கட்டிய கப்பி வழியாகக் கயிற்றை வண்டிக்கே திருப்பி மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

மலிவான வின்ச்சில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொலினாய்டை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைத் தரும், துண்டிக்கும் மின் சுவிட்சை. முழுச் சுமையில் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், ரிமோட் பட்டனை விட்டாலும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மிக ஆபத்தான நிலை இது. பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளில், கைக்கு எட்டும் இடத்தில், மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். என்ஜினை ஓடவிட்டு, சிறிது இழுத்து, மோட்டாரை ஆறவிட்டு, மறுபடி இழுங்கள். தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் தூசியும் தண்ணீரும் உள்ளே புகாததைக் குறிக்கும் ஐபி67 தரம் பாருங்கள்.

கயிற்றில் என் தேர்வு சிந்தெடிக் (செயற்கை இழைக் கயிறு): எடை குறைவு, அறுந்தாலும் இரும்புக் கம்பி அளவுக்குச் சீறி அடிக்காது. கயிறு வெளியே வரும் வாயில் உள்ள பழைய ரோலரில் இருக்கும் பிசிறுகள் அதை அறுத்துவிடும். அதற்குப் பதில் வழவழப்பான அலுமினியக் கயிறு வழிகாட்டி போடுங்கள். வின்ச்சின் பிரேக், கயிறு சுற்றும் டிரம்முக்குள்ளேயே இருந்தால், சுமையோடு கயிற்றை இறக்கும்போது ஏறும் சூடு இழைகளை உருக்கும். டிரம்மில் இரும்புக் கம்பி 5 சுற்று, சிந்தெடிக் 8 முதல் 10 சுற்று எப்போதும் மிச்சமிருக்கட்டும்.