எலெக்ட்ரிக் பேஞ்சோ: ஒன்று கிட்டார் போல ஒலிக்கிறது, மற்றொன்று ஊளையிடுகிறது

கேள்வி: வினோதமான எலெக்ட்ரிக் பேஞ்சோ என்றால் எனக்குப் பித்து. கையில் இரண்டு உள்ளன. தோல் இல்லாத கட்டை உடலில் கிட்டார் பிக்கப் (கம்பியின் அசைவை மின்சிக்னலாக்கும் காந்தக் கருவி) பொருத்திய ஐந்து கம்பிக் கருவி கிட்டார் மாதிரியே ஒலிக்கிறது, சத்தமும் குறைவு. பீசோ (அதிர்வை மின்சிக்னலாக்கும் சிறு சில்லு) ஒட்டிய, முகப்பில் தோல் இழுத்துக் கட்டிய பேஞ்சோவோ, மேடையில் ஆம்பை (ஒலிபெருக்கியை) சற்று ஏற்றினாலே ஊளையிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு சிக்கலுக்கும் வேர் தோல்தான். பேஞ்சோவில் கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) வழியாகத் தோலுக்கு இறங்கி, மளமளவென்று காற்றில் கரைந்துவிடும். 'டங்' என்று எழுந்து உடனே அடங்கும் குணம் அதனால் வருவது. கட்டையில் பிரிட்ஜ் அசைய இடமில்லை. கம்பி இழுத்துக்கொண்டே ஒலிக்கும். காந்த பிக்கப்பும் கம்பியின் அசைவை மட்டுமே எடுக்கும். ஆகவே விலையுயர்ந்த பிக்கப் மாற்றினாலும் இந்தக் கருவிக்குப் பேஞ்சோ குரல் வராது. மென்மையான பஞ்சுப் பட்டை ஒன்றைப் பிரிட்ஜை ஒட்டி, கம்பிகளை லேசாகத் தொடும்படி செருகுங்கள். அழுத்தம் கூடினால் சுருதியே மங்கிவிடும். இழுவை குறைந்தாலே பாதி வேலை முடிந்தது.

சத்தக் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். கிட்டார் பிக்கப்பில் ஆறு காந்த முனைகள், உங்களிடம் ஐந்து கம்பிகள். பிக்கப்பை நடுவில் வைத்தால் மூன்றாம் கம்பி இரண்டு முனைகளுக்கு நடுவே விழும். இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால் மற்றவையும் அப்படியே. தனித்தனி முனைகளுக்குப் பதில் ஒரே நீளப் பட்டை உள்ள 'ரெயில்' பிக்கப் போடுங்கள். நான்காம் கம்பி மட்டும் அமுங்கினால் அது வெண்கலச் சுற்றா என்று பாருங்கள். வெண்கலத்துக்குக் காந்தம் பதில் சொல்லாது, நிக்கல் சுற்று வேண்டும். கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். பேஞ்சோக் கம்பி மெல்லியது. இன்னும் நெருங்கினால் காந்தமே அதை இழுத்துச் சுருதியை அலையவைக்கும்.

இனி ஊளை. தோல் ஒரு பெரிய மைக் மாதிரி. ஸ்பீக்கர் அதை அதிரவைக்க, பீசோ அதையே திரும்ப ஆம்புக்கு அனுப்புகிறது. முதலில் பானைக்குள் (தோலுக்குப் பின்னுள்ள வட்ட உடல்), தோலுக்கும் அதன் பின்னே குறுக்காக ஓடும் தண்டுக்கும் இடையே, கழுத்துப் பக்கமாகப் பஞ்சு வையுங்கள். பிரிட்ஜுக்கு நேர் கீழே திணித்தால் குரல் செத்துவிடும். அடுத்து 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிடுங்கள். வழக்கமான ஜி சுருதியில் உங்கள் மிகத் தாழ்ந்த கம்பியே சுமார் 147 ஹெர்ட்ஸ்தான், இழப்பு எதுவுமில்லை. பிறகு சத்தத்தை மெல்ல ஏற்றி, ஊளை தொடங்கும் அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக வெட்டுங்கள். ப்ரீஆம்பில் (ஆம்புக்கு முன் சிக்னலைச் சீராக்கும் பெட்டி) ஃபேஸ் சுவிட்ச் (சிக்னலைத் தலைகீழாக்குவது) இருந்தால் திருப்பிப் பார்ப்பதில் செலவில்லை.

பீசோவை நேரே மிக்ஸரில் சொருகும் வழக்கமிருந்தால் நிறுத்துங்கள். குறைந்தது 1 மெகாஓம் உள்ளீடுள்ள ப்ரீஆம்ப் இடையில் இல்லாவிட்டால் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய், கீச்சுக்குரல்தான் மிஞ்சும்.

இன்னும் செலவழிக்கத் தயார் என்றால், பிரிட்ஜ் காலடியில் சிறு இரும்புத் தகடு வைத்து, தோலுக்குக் கீழே காந்த பிக்கப் பொருத்தும் முறையே என் தேர்வு. காந்தம் எடுப்பது பிரிட்ஜின் அசைவை. எனவே தோலின் குணம் குரலில் தங்கும், ஊளையும் பீசோவைவிடக் குறையும். தோலும் காந்த பிக்கப்பும் சேரலாம் என்பதற்கு பேஞ்சோக் கலைஞர் பெலா ஃபிளெக் வாசித்த டீரிங் கிராஸ்ஃபயர் என்ற எலெக்ட்ரிக் பேஞ்சோ நல்ல உதாரணம். தோலை முறுக்கும்போதெல்லாம் தகட்டுக்கும் காந்தத்துக்குமான இடைவெளி மாறும். பிரிட்ஜை விரலால் அழுத்தி, தோல் பிக்கப்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜ் ஒட்டப்படாதது, வேலையின்போது நகர்ந்திருக்கும். 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாகும்வரை அதை நகர்த்துங்கள்: அழுத்திய சுரம் உயர்ந்தால் வால் பக்கம், தாழ்ந்தால் கழுத்துப் பக்கம்.