ஹெலிகாப்டர் பைலட் உரிமம் வாங்க என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்?

கேட்டவர் ஆந்திராவின் நகரியில் இன்டர் இரண்டாம் ஆண்டு (நம் பிளஸ் டூ), எம்.பி.சி. என்கிற கணிதம், இயற்பியல், வேதியியல் பிரிவு படிக்கிற தம்பி. வீட்டில் விசைத்தறி ஓடுகிறதாம். என்ன தேர்வு எழுத வேண்டும், எவ்வளவு பணம் ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் பக்கத்து ஏகாம்பரகுப்பம். எங்கள் வீட்டிலும் நான்கு தறி ஓடியது. அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி கடற்படைத் தளத்துச் சேத்தக் ஹெலிகாப்டர் எப்போதாவது எங்கள் பக்கம் வரும். தறிச் சத்தத்தில் அது காதில் விழாது. தெருவில் எல்லோரும் அண்ணாந்து நிற்பதை ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் வெளியே ஓடுவோம்.

அந்தத் தறிச் சத்தம் பின்னால் என் உரிமத்துக்கே உலை வைக்கப் பார்த்தது. அதனால் நீ கேட்ட தேர்வையும் பணத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மெடிக்கலில் தொடங்குகிறேன்.

முதலில் கிளாஸ் 2 மெடிக்கல். விமானப் போக்குவரத்துத் துறையின் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, கண், காது எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுவது தடையில்லை; போட்ட பிறகு பார்வை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறக்குருடு இருந்தால் அதற்குக் கண்ணாடி கிடையாது. வணிக உரிமத்துக்கு இதைவிடக் கடுமையான கிளாஸ் 1 வேண்டும். எனக்கு அது பெங்களூரில், விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்தில் நடந்தது.

அங்கே ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் செவித்திறன் இழப்பு 35 டெசிபலைத் தாண்டக்கூடாது. 3000 ஹெர்ட்ஸில் 50 வரை விடுவார்கள். என் இடது காது 3000-ல் 45. 4000-ல் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி சுடுவாயா?" என்றார். "இல்லை சார், தறி" என்றேன். 4000-க்கு வரம்பு இல்லாததால் பிழைத்தேன். ஒரு ரூபாய் ஃபீஸ் கட்டுவதற்கு முன் இந்தப் பரிசோதனையை முடித்துவிடு என்று சொல்வது இதனால்தான். கடன் வாங்கிப் பாதி படித்த பிறகு மெடிக்கலில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

படிப்பில் உனக்குப் பிரச்சினை இல்லை. இயற்பியலும் கணிதமும் இருப்பதால் எம்.பி.சி. போதும். கணிதம் இல்லாத பை.பி.சி. (உயிரியல் பிரிவு) எடுத்த என் மாமா மகள் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. வணிக உரிமத்துக்கு வயது 18. விமான விதிகள், வழிநடத்தல், வானிலை, தொழில்நுட்பம் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. வானிலைத் தாளை யாரும் மதிப்பதில்லை, அதில்தான் விழுவார்கள். ஆர்.டி.ஆர். என்ற ரேடியோ தேர்வு தனி. அதற்கு நான் பயிற்சி எடுத்தது அரக்கோணம் - ரேணிகுண்டா ரயிலில். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை ஸ்டேஷன் பலகையைப் பார்த்து, ஆங்கில எழுத்துகளை ரேடியோவில் சொல்கிற முறையில் வி-க்கு விக்டர், ஈ-க்கு எக்கோ, பிறகு நவம்பர், கிலோ, ஆல்ஃபா என்று எழுத்தெழுத்தாகச் சொல்வேன். முடிப்பதற்குள் நகரி வந்துவிடும்.

அப்புறம் பறப்பது. 150 மணி நேரம் ஆக வேண்டும். என்னை முதலில் படுத்தியது ஹோவர், அதாவது தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் அசையாமல் நிற்பது. இடது கையில் ஏற்றி இறக்குகிற கலெக்டிவ், வலது கையில் முன்பின், பக்கவாட்டில் சாய்க்கிற சைக்ளிக், காலில் மூக்கைத் திருப்புகிற பெடல். கலெக்டிவைத் தூக்கினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும், உடனே காலால் பிடிக்க வேண்டும். காலை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் நழுவும், அதை வலது கை பிடிக்க வேண்டும். நான் கற்றது அமெரிக்காவில், ராபின்சன் ஆர்22 என்ற சின்ன ஹெலிகாப்டரில். கலெக்டிவைத் தூக்கும்போது அதற்கு இடது பெடலை அழுத்த வேண்டும். நம் சேத்தக்கின் மேல் விசிறி எதிர்த்திசையில் சுற்றும், அதற்கு வலது. முதல் ஆறேழு மணி நேரம் நான் குடித்தவன் போலத்தான் தள்ளாடினேன். ஒருநாள் தாத்தாவின் குழித்தறி நினைவுக்கு வந்தது. கை நாடாவை இழுக்கும், கால் மிதியை மிதிக்கும், கண் வேறெங்கோ இருக்கும். நானும் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தூரத்து மரத்தைப் பார்த்தேன். வண்டி நின்றது.

இன்ஜின் நின்றால் இறங்குகிற ஆட்டோரொட்டேஷனையும் அங்கேதான் கற்றேன். ஆர்22-ல் விசிறியின் எடை குறைவு. ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் கலெக்டிவைக் கீழே தள்ளாவிட்டால் விசிறி வேகம் இழந்துவிடும். தள்ளிவிட்டால் கீழிருந்து வரும் காற்றே அதைச் சுழற்றி உன்னை இறக்கும்.

பணம் விஷயத்தில் நான் ஏமாந்ததையும் கேள். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டினேன். அந்த அமெரிக்கப் பயிற்சிப் பள்ளியில் இருந்ததே ஒரு ஆர்22. அது 2,200 மணி நேரம் பறந்தால் மொத்தமாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். நான் போன இரண்டாம் மாதம் அந்தக் கணக்கு முடிந்து ஷெட்டுக்குள் போனது. நான்கு மாதம் வாடகை கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ எங்கே போனாலும் பறந்த மணிக்கு மட்டும் பணம் கொடு. எத்தனை வண்டி, எது எப்போது ஓவர்ஹாலுக்குப் போகும் என்று கேட்டுவிட்டுச் சேர். தங்கும் செலவும் சேர்த்தால் அரைக் கோடி சுலபமாகத் தாண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தறி போனது, அம்மாவின் நகை போனது, வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது.

உரிமம் கையில் வந்தவுடன் வேலை வந்துவிடாது. சிவில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான மணி பறந்து ஓய்வுபெற்ற ராணுவ பைலட்டுகளைத்தான் முதலில் தேடும். 150 மணிக்காரனை யார் கூப்பிடுவார்கள்? இரண்டரை வருடம் காத்திருந்தேன். இப்போது ராஜமகேந்திரவரத்திலிருந்து கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்குத் துணை பைலட்டாகப் போகிறேன்.

உன் வயதில் இன்னொரு முறை தேர்ந்தெடுக்கச் சொன்னால், ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதுவேன். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும், எம்.பி.சி. பொருந்தும், 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். அது தப்பினால் பட்டம் முடித்து, விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வு. அங்கே பணம் நீ கட்டுவதில்லை, அவர்கள் உனக்குக் கொடுப்பார்கள். கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி முடித்து வருவது நம் அரக்கோணத்திலிருந்துதான். 2024-ல் அனாமிகா ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்டாக அங்கே தேறினார். ஒரு சிக்கல் உண்டு. உனக்குப் போர்விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதை முடிவு செய்வது படைக்காரர்கள்.

சரி, இந்த மாதம் கிளாஸ் 2-க்கு ஒரு நாள் சென்னை போய் வா. அதுவரை தறிக் கொட்டகைக்குள் போகும்போது காதில் இயர்பிளக் வைத்துக்கொள். அப்பாவுக்கும் ஒரு ஜோடி கொடு.