சில்வா கையை இறக்கியது தப்பா?

அன்புள்ள சார்,

2013-இல் ஆண்டர்சன் சில்வா கிறிஸ் வைட்மனிடம் தோற்ற யுஎஃப்சி (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) சண்டையை நண்பனோடு பார்த்தேன். சில்வா கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அடிபட்டுத் தள்ளாடுவதுபோல் நடித்து, கடைசியில் நிஜமாகவே விழுகிறார். 'வைட்மன் ஜெயிக்கவில்லை, சில்வாவின் திமிர்தான் தோற்றது' என்கிறான் நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

முழுக்கத் தன் தப்பால் தோற்பதும் உண்டு. 2009-இல் மேட் ஹாமிலை வெளுத்துக்கொண்டிருந்த ஜான் ஜோன்ஸ், விதி அனுமதிக்காத முழங்கை அடியால் தகுதியிழந்தார். அதில் ஹாமிலின் திறமைக்கு இடமே இல்லை.

சில்வா கதை வேறு. அதே 2009-இல் ஃபாரஸ்ட் கிரிஃபின் முன்னால் அவர் இதே மாதிரி கையை இறக்கிக்கொண்டுதான் நின்றார். கிரிஃபினின் குத்தெல்லாம் காற்றில் போயின. பின்னால் நகர்ந்தபடியே சில்வா விட்ட குத்தில் கிரிஃபின் விழுந்தார். அன்று அதை மேதைமை என்று கொண்டாடினோம். வைட்மனிடம் மட்டும் எப்படித் திமிர் ஆகும்?

அது வெறும் சீண்டல் இல்லை, பொறி. முகம் திறந்திருக்கிறதே என்று எதிராளி ஆசைப்பட்டு உள்ளே வருவார். சில்வா இடுப்பிலிருந்து பின்னால் வளைவார், குத்து ஓர் அங்குலம் எட்டாமல் போகும், உடனே பதிலடி விழும். வைட்மன் ஒன்றிரண்டு குத்தோடு நிற்கவில்லை. தவறிய குத்தின் வேகத்திலேயே அடுத்ததை வீசி முன்னேறிக்கொண்டே இருந்தார். கடைசியாக இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) வந்தபோது சில்வாவின் தலை ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருந்தது. அதற்கு மேல் சாய இடமில்லை.

முதல் ரவுண்டையும் மறக்கக்கூடாது. கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்த வைட்மன் அவரைத் தரையில் தள்ளி, மேலிருந்து குத்தி, காலையும் பிடித்துப் பூட்டி முறுக்கப் பார்த்தார். மறுபடி தரைக்குப் போகாமல் வைட்மனைக் குத்துச்சண்டைக்கு இழுக்கத்தான் சில்வா அவ்வளவு சீண்டினார் என்பது என் ஊகம். அப்படியானால் அந்தத் 'திமிரே' பாதி வைட்மன் வரவழைத்தது. சில்வாவுக்கு அப்போது 38 வயது. நான் சொன்ன அந்த ஓர் அங்குலத்தை வயதும் கொஞ்சம் தின்றிருக்கலாம்.

டிசம்பரில் மறுபடி மோதினார்கள். இம்முறை நடிப்பு, கிண்டல் எதுவும் இல்லை. அப்படியும் முதல் ரவுண்டிலேயே வைட்மனின் குத்தில் சில்வா விழுந்தார். இரண்டாவது ரவுண்டில் அவர் உதைத்த உதையை வைட்மன் முழங்காலை உயர்த்தித் தடுக்க, சில்வாவின் கால் முறிந்தது. விபத்து என்றார்கள். ஆனால் அந்தத் தடுப்பை வைட்மன் பயிற்சியில் பழகிவிட்டுத்தான் வந்திருந்தார். எலும்பு முறிந்தது வேண்டுமானால் அதிர்ஷ்டக் கணக்கு. 2021-இல் யுரையா ஹாலை உதைத்து வைட்மனின் காலே அதே மாதிரி முறிந்தது. ஹால் ஒரு குத்துகூட விடாமல் ஜெயித்தார். அதைப் பெரிய திறமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நண்பருக்கு டிசம்பர் சண்டையின் முதல் ரவுண்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அதில் சில்வா என்ன தப்பு செய்தார் என்று அவர் சொல்லட்டும்.