பெனின் என்றால் எந்த பெனின்?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்கு, அங்கே கொள்ளையடித்த புகழ்பெற்ற வெண்கலச் சிற்பங்களைப் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதாமே? பில்லி சூனியத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத நாட்டுக்கு அதெல்லாம் எதற்கு?

— ஒரு வாசகர், கரூர்

பதில்: நீங்கள் சொல்லும் வெண்கலங்கள் அந்த நாட்டுடையவையே அல்ல. இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரத்து அரண்மனையிலிருந்து 1897-ல் அள்ளிச் சென்றவை; அள்ளியது பிரிட்டிஷ் படை. பெனின் நாட்டுக்கோ 1975 வரை டஹோமி என்று பெயர். அடுத்துள்ள பெனின் வளைகுடாவின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள், வந்தது குழப்பம். பத்திரிகைக்காரர்களே இதில் இடறுகிறார்கள் என்பதால் இதை மன்னிக்கலாம். இரண்டாவது வாக்கியத்தை முடியாது.

பிரான்ஸ் கொடுத்தது வேறு. 1892 நவம்பரில் பிரெஞ்சு ஜெனரல் டாட்ஸின் படை டஹோமி அரசின் தலைநகர் அபொமேயை நெருங்கியபோது, அரசர் பெஹான்சின் அரண்மனைக்குத் தானே தீ வைத்துவிட்டு வெளியேறினார். தப்பியதைப் படை தூக்கிப் போனது. பிறகு சரணடைந்த அரசரை மார்டினிக் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1906-ல் அல்ஜீரியாவில் இறந்தார். சிம்மாசனங்களும் அரண்மனைக் கதவுகளும் பாரீஸ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துகொண்டன. 2016-ல் பெனின் கேட்டதற்கு, அரசுச் சேகரிப்பில் உள்ளதைக் கைமாற்றச் சட்டம் இடம் தராது என்று பதில் வந்தது. எடுத்துப் போனபோது எந்தச் சட்டத்தைப் புரட்டினார்களோ! கடைசியில் 2020 டிசம்பரில் தனிச்சட்டம் போட்டு, அடுத்த ஆண்டு நவம்பரில் 26 பொருள்களை அனுப்பிவைத்தார்கள்.

அவற்றில் பெஹான்சினின் மரச்சிலை பாதி மனிதன், பாதி சுறா. கடல்வழி வரும் பிரெஞ்சுக்காரனை மறிப்பவன் என்று அர்த்தம். அவர் தந்தை கிளேலே சிங்கம். ஒவ்வோர் அரசருக்கும் இப்படி ஒரு சின்னம் உண்டு. துணியில் வெட்டி ஒட்டித் தைத்தும், மண்சுவரில் புடைப்பாக வடித்தும் வரலாற்றைச் சொல்லி வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அகோங்லோவின் அன்னாசி: இடி உயர்ந்த பனையில் விழும், தரையோடு கிடக்கும் அன்னாசியில் விழாது. அகஜாவுக்குக் கப்பல். அது சும்மா வந்த சின்னமல்ல. 1727-ல் விடா துறைமுகத்தை அவர் பிடித்த பிறகு, போரில் சிறைபட்ட மக்களை ஐரோப்பியக் கப்பல்களுக்கு விற்றதில்தான் டஹோமி கொழுத்தது. அபொமேயின் அழகைப் பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடக் கூடாது. விடா கடற்கரையில் ‘திரும்பா வாயில்’ என்ற நினைவுவளைவை அந்த நாட்டுக்காரர்களே எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் பில்லி சூனியம். நீங்கள் அப்படிச் சொல்வது அங்குள்ள வோடுன் சமயத்தை; ஆங்கிலத்தில் வூடு. வோடுன் என்றால் அங்கே பேசும் ஃபோன் மொழியில் தெய்வம். ஊசி குத்திய பொம்மை ஹாலிவுட் நமக்குக் காட்டியது. இடிக்கு ஹெவியோசோ, மண்ணுக்கும் அம்மைக்கும் சக்பட்டா, இரும்புக்கும் போருக்கும் கூ, வாசலில் காவலுக்கு லெக்பா. விடாவில் மலைப்பாம்புக் கோயிலும் கத்தோலிக்கத் தேவாலயமும் எதிரெதிரே நிற்கின்றன. ஜனவரியில் வோடுன் திருநாள். அப்போது நாட்டுக்கே விடுமுறை.

அதெல்லாம் எதற்கு என்று கேட்டீர்களே, அதை பிரான்ஸிடம் கேளுங்கள். அந்தக் கூ தெய்வத்துக்கு ஆளுயரத்தில் ஓர் இரும்புச் சிலை உண்டு. 26 பொருள்களைக் கொடுத்தவர்கள் அதைப் பாரீஸிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.