எது நடந்தாலும் ‘கடைசிக் கால அடையாளம்’ என்கிறார்கள் என் பெற்றோர். கிறிஸ்தவர்கள் நாட்டு நடப்பை இப்படித்தான் பார்க்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை மூன்று நாளாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன். பதில் எழுதினால் அப்பாவைப் பற்றி எழுத வேண்டிவரும். சரி, எழுதிவிடுகிறேன்.

நீங்கள் வேலைக்காக வெளியூரில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் கண்விழித்ததும் வீட்டிலிருந்து ஒரு வீடியோ வந்திருக்கும். போர், வெள்ளம், நிலநடுக்கம், கீழே உலக முடிவு நெருங்கிவிட்டது என்று ஒரு வசனம். பதில் போட்டால் சண்டை, போடாவிட்டால் வருத்தம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விசுவாசி. கர்த்தருடைய வருகை உண்டு, இயேசு திரும்ப வருவார் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பின்மாற்றத்தில் விழுந்தவள், விசுவாசத்தை விட்டுப் போனவள் என்று எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில். அப்பா 1978-ல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் பை தைக்கக் கற்றுக்கொண்டவர். ஊரில் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. இங்கே வந்தபிறகு ஒரு தமிழ்ச் சபையில் இருந்தார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் ஆனது. அந்த ஒரு மாதமும் எங்கள் சந்தில் இருந்த ஜெபக்குழுதான் சோறு பொங்கிக் கொடுத்தது. அதிலிருந்து அப்பா அந்தக் குழுவோடு சேர்ந்துவிட்டார்.

‘கடைசிக் காலம்’ என்ற வார்த்தையை அங்கேதான் தினமும் கேட்டு வளர்ந்தேன். 1999 டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினான்கு வயது. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும், உலகம் முடியும் என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டு அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போகவில்லை. புது வருடத்துக்கென்று வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அப்புறம் ஆதார். முதல் ஆதார் அட்டையை 2010 செப்டம்பரில் எங்கள் மகாராஷ்டிரத்தில்தான், நந்துர்பார் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்தார்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், கடைசிக் காலத்தில் வரும் மிருகம் மக்கள்மேல் போடும் முத்திரை என்று ஒன்று வருகிறது, அதன் எண் 666. அதுதான் இது என்று குழுவில் பேச்சு. அப்பா இரண்டு வருடம் எடுக்காமல் இருந்தார். கேஸ் மானியத்துக்கு வேண்டும் என்றதும் எடுத்தார். யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. சொன்னது தவறு என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், எண்பது பேருக்கு ஒரு கழிப்பறை என்று வாழ்கிற எங்களுக்கு, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் எங்கள் குழுவின் பாஸ்டர் செய்ததை நான் மறைக்கமாட்டேன். அரிசியும் பருப்பும் மூட்டையாகக் கொண்டுவந்து சந்து முழுக்கக் கொடுத்தார். முஸ்லிம் வீடு, இந்து வீடு என்று பார்க்கவில்லை. அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

ஆனால் அதே பாஸ்டர்தான் 2021 மார்ச்சில், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும், இது மிருகத்தின் முத்திரைக்கு முன்னோட்டம் என்று போன் ஜெபக்கூட்டத்தில் சொன்னார். அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு. மாநகராட்சி மையம் நடந்துபோகும் தூரம், காசும் கிடையாது. நான் சொன்னேன்: “அப்பா, வெளிப்படுத்தின விசேஷத்தில் வலது கையிலோ நெற்றியிலோ என்றுதான் இருக்கு. ஊசியை இடது தோளில்தானே போடுறாங்க.” அவர் சிரித்துவிட்டு, “ஊழியக்காரர் சொன்னதுக்கு எதிர்த்துப் பேசாதம்மா” என்றார். வீட்டுக் கதவில் பைபிளின் தொண்ணூற்றோராம் சங்கீதம் ஒட்டியிருந்தது. வாதை உன் கூடாரத்தை அணுகாது என்ற வசனம். அதைக் காட்டினார். நானும் விட்டுவிட்டேன். அந்த விட்டுவிட்டேன்தான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது.

ஏப்ரல் கடைசியில் அப்பா போய்விட்டார். ஆக்சிஜன் படுக்கைக்கு ஒன்பது மணி நேரம் காத்திருந்தோம்.

ஊசி போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஊசி போட்டவர்களும் இறந்திருக்கிறார்கள். ஆனால் பிழைக்க இருந்த ஒரு வாய்ப்பை, வசனத்தின் பெயரால் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடக்கத்தில் பட்டதையும் இங்கேயே சொல்கிறேன், இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். ஜெபக்குழுவுக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் கிடையாது. பழைய சபையில் கேட்டோம். பெயர் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் பல வருடச் சந்தா பாக்கி என்றார்கள். அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என் தம்பி ரசீதுப் புத்தகத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் நான்கு பேர் நிற்க அடக்கம் செய்தோம். ஜெபம் செய்தது என் தம்பி. இருபது வருடம் அந்தச் சபையின் கிறிஸ்துமஸ் மரத்துக்கு நட்சத்திரம் தைத்துக் கொடுத்தவர் என் அப்பா. சந்தா வாங்குவதைத் தவறென்று சொல்லவில்லை. கேட்க ஒரு நேரம் இருக்கிறது.

அப்புறம் ஒரு வருடம் நான் பைபிளைத் திறக்கவில்லை. திறந்தபோது முதலில் தேடிப் போனது அந்தச் சங்கீதத்தைத்தான். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொல்கிறான் இல்லையா, அவன் எடுத்துக்காட்டுவது இதே தொண்ணூற்றோராம் சங்கீதம். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்துவிடுகிறார். இத்தனை வருடம் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்த எனக்கு, ஒன்றாகப் படிக்க அப்பாவின் சாவு தேவைப்பட்டது.

புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூத்தர்கூட 1527-ல் விட்டன்பெர்கில் கொள்ளைநோய் வந்தபோது எழுதிய கடிதத்தில், மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், வேலையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள், ஆனால் உங்களை நம்பியிருக்கிற நோயாளியை விட்டு ஓடாதீர்கள் என்கிறார். ஐந்நூறு வருடத்துக்கு முன்பே சொன்னது எங்கள் சந்துக்கு வந்து சேரவில்லை.

இது கிறிஸ்தவர்களிடம் மட்டும் இருக்கிற பழக்கமும் இல்லை. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்று காந்தி பேசினார். அதை எங்கள் திருநெல்வேலியிலும் வைத்துச் சொன்னார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார், காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார். தீண்டாமை பாவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இடிபாட்டில் செத்த குழந்தை என்ன செய்தது? லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். அதோடு நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறார்.

இப்போது காசா. போர் தொடங்கியதும் எங்கள் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் இஸ்ரவேலுக்கு எதிராகக் கோகு என்பவன் படையெடுத்து வருவதைச் சொல்கிற எசேக்கியேல் 38-ஐ எடுத்து, கோகு யார், மாகோகு எது என்று உலக வரைபடம் வைத்து விளக்கினார்கள். 2023 அக்டோபர் 19-ஆம் தேதி காசாவில் புனித போர்ஃபிரியஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் தேடி வந்திருந்த கிறிஸ்தவர்கள் செத்தார்கள். அந்த வாரம் அவர்களுக்காக யாரும் ஜெபிக்கவில்லை. இஸ்ரவேலில் கொல்லப்பட்டவர்களின், பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வீடுகளுக்காக ஜெபித்தார்களா என்றால் அதுவும் இல்லை. நம் நாட்டிலேயே மணிப்பூரில் 2023 மே மாதம் ஆலயங்கள் எரிந்தன, மக்கள் முகாம்களில் கிடந்தார்கள். ஒரு ஞாயிறு இரண்டு நிமிட ஜெபம், அவ்வளவுதான். நான் கட்சி அரசியல் பேசவில்லை. அடையாளம் தேடுகிற கண்ணுக்கு ஆள் தெரியாமல் போகிறது, அதுதான் என் வருத்தம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. யுத்தங்களைக் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்றுதான் மத்தேயு 24-ல் இருக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவரும் அறியார் என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. பெற்றோரிடம் வாதாடாதீர்கள், நான் வலது கை இடது கை என்று வாதாடித் தோற்றவள். வீடியோ வந்தால், “அங்கே இருக்கிறவங்களுக்காக ஜெபிப்போமாம்மா” என்று கேளுங்கள். என் அம்மாவிடம் இப்போது அதைத்தான் செய்கிறேன். சில நாள் கேட்கிறார், சில நாள் கோபப்படுகிறார்.

அம்மாவை 2021 ஜூனில் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போடவைத்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்காவது ஆளாக அந்தப் பாஸ்டரின் மனைவி நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அம்மாவும் அழுதார்.

உங்கள் அப்பா அம்மா சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுக்கிறவர்களாக இருந்தால், ஜெபத்தை நம்பி அதை நிறுத்தியிருக்கிறார்களா என்று இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்.